பழைய சலவையின் வாசம் எங்கிருந்து வந்தது?

பழைய நாளின் வீட்டுச் சலவையைப் பற்றி யாரைப் பேசவிட்டாலும் பேச்சு சீக்கிரமே சில குறிப்பிட்ட நினைவுகளில் வந்து நின்றுவிடும். ஈரம் தெளித்த பருத்தித் துணியின் மேல் சூடான இஸ்திரிப்பெட்டி இறங்கும்போது எழும் ஆவியின் மணம், கஞ்சி போட்ட துணியைப் பிரிக்கையில் கேட்கும் மொடமொடப்பு, வெள்ளைத் துணியில் தெரிந்தும் தெரியாமலும் இருந்த நீலம், வெயிலில் காய்ந்த துண்டின் சொரசொரப்பு ஆகியவையே அந்த நினைவுகள். துணி எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதை அநேகமாக யாரும் நினைவுகூர்வதில்லை. அந்தக் கால வெள்ளையை இன்றைய வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது சற்று மங்கலாகவே தெரியும். ஆனாலும் ஏக்கம் என்னவோ அந்த மங்கலான வெள்ளையின் மீதுதான்.

இதற்குக் காரணம் வெறும் கடந்தகால மோகம் அல்ல. பழைய சலவை என்பது ஒரே வேலை அல்ல. ஒன்றன் பின் ஒன்றாக வந்த திருத்தங்களின் வரிசை. ஒவ்வொரு படியும் அழுக்கை நீக்கியபோதே துணிக்கு ஏதோ ஒரு கெடுதலையும் செய்தது. அடுத்த படி அந்தக் கெடுதலைச் சரிசெய்ய வந்து, தன் பங்குக்கு ஒரு தடயத்தை விட்டுச் சென்றது. நம் மூக்கிலும் விரல்நுனியிலும் தங்கிப்போனவை அந்தத் தடயங்களே. அவற்றில் ஒன்றுகூட யாரும் வேண்டுமென்று உண்டாக்கியதல்ல.

வரிசையின் தொடக்கம் காரம். மரச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்தால் கிடைக்கும் சாம்பல்நீரில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது துணியில் ஏறியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கின் ஒரு பகுதியைத் துணியின் மேலேயே சோப்பாக மாற்றிவிடும். சோப்பை மனிதர்கள் பல நூற்றாண்டுகளாகக் காய்ச்சி வந்திருந்தாலும், அது எல்லா வீட்டுக்கும் எட்டும் பொருளானது பிரான்சின் நிக்கோலா லெபிளாங்க் 1791இல் சாதாரண உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்று, அந்த முறை அடுத்த நூற்றாண்டில் தொழிற்சாலைகளுக்குப் பரவிய பிறகுதான். ஆனால் சோப்புக்கு ஒரு தீராத குறை உண்டு. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நீரில் கரையாத ஒரு பிசினாகிவிடுகின்றன. அந்தப் பிசின் நுரையோடு போகாமல் நூலிழைகளில் ஒட்டிக்கொண்டு, துணியைச் சலவைக்குச் சலவை சாம்பல் பூத்ததாகவும் மஞ்சளாகவும் ஆக்கியது. சலவைச் சோடாவை முதலில் தண்ணீரில் போட்டுக் கால்சியத்தைப் படியவைப்பது ஒரு தீர்வு. இன்னொன்று, துணியைக் கொதிக்கவைத்து, பிறகு நிறையத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுவது.

அந்த இரண்டாவது தீர்வின் விலை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 100 பாகை செல்சியசுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 6.3 மெகாஜூல் வெப்பம் வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15 மெகாஜூல் இருந்தாலும், திறந்த அடுப்பில் அதில் ஏழில் ஒரு பங்கு பாத்திரத்துக்குள் போனாலே அதிகம். ஆக, ஓர் அண்டா கொதிக்க ஏறத்தாழ மூன்று கிலோ விறகு எரிய வேண்டும். அலசலின் கணக்கு இதைவிடச் சுவையானது. கையால் பிழிந்த ஒரு கிலோ துணி தன்னுள் இன்னும் ஒரு கிலோ சோப்புநீரை வைத்திருக்கிறது என்று கொள்வோம். அதைப் பத்து லிட்டர் நல்ல நீரில் அலசினால் சோப்பு 11இல் ஒரு பங்காகக் குறையும். மீண்டும் பிழிந்து, மீண்டும் பத்து லிட்டரில் அலசினால் 121இல் ஒரு பங்கு. இரண்டு உருளைகளுக்கு நடுவே துணியைச் செலுத்திப் பிழியும் கருவியால் துணியில் தங்கும் நீரை அரை கிலோவாகக் குறைக்க முடிந்தால், அதே இரண்டு அலசலில் சோப்பு 441இல் ஒரு பங்காகிவிடும். உருளைப் பிழிப்பான் துணி சீக்கிரம் காய்வதற்காக வந்த கருவி என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சுமக்க வேண்டிய தண்ணீரையும் மிச்சப்படுத்தியது. குழாய் இல்லாத வீட்டில் ஒரு லிட்டர் என்பது இடுப்பில் ஏறும் ஒரு கிலோ.

எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் மஞ்சள் தங்கவே செய்தது. அதற்குத்தான் நீலம். மஞ்சளாகத் தெரியும் துணி உண்மையில் நீல ஒளியை விழுங்கிக்கொள்ளும் துணி. அதன் மேல் மிக மெல்லிய நீலத்தை ஏற்றினால் மற்ற நிறங்களும் சற்றுக் குறைந்து எல்லாம் சமநிலைக்கு வரும். அதாவது நீலம் போட்ட துணி போடாத துணியைவிடக் குறைவான ஒளியையே திருப்பி அனுப்புகிறது. ஆனாலும் கண் அதைத்தான் கூடுதல் வெள்ளையென்று ஏற்கிறது. அவுரியும் பிரஷ்ய நீலமும் இதற்குப் பயன்பட்டன. லாபிஸ் லசூலி என்ற அரிய கல்லிலிருந்து கிடைத்து வந்த அல்ட்ராமரைன் நீலத்தைச் சலவைத் தண்ணீரில் கலக்க யாராலும் கட்டுப்படியாகாது. பிரான்சின் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் 1824இல் அதைச் செயற்கையாகத் தயாரிப்பவருக்கு 6,000 பிராங்க் பரிசு அறிவித்து, 1828இல் ஜான் பத்தீஸ்த் கிமேக்கு அதை வழங்கிய பிறகு, ஓவியர்களின் ஆடம்பரமாக இருந்த நீலம் சலவைத் தொட்டிக்குள் இறங்கியது.

நீலத்துக்கும் அதற்குரிய குற்றங்கள் இருந்தன. அல்ட்ராமரைன் நீரில் கரைவதில்லை, நுண்துகளாக மிதக்க மட்டுமே செய்கிறது. ஆகவே அதைத் துணியில் முடிந்து நீரில் ஆட்டிக் கலக்காவிட்டால், வெள்ளைத் துணியில் திட்டுத்திட்டாக ஏறிவிடும். பிரஷ்ய நீலம் அதைவிட வஞ்சகமானது. துணியில் காரம் மிச்சமிருந்தால் அது சிதைந்து இரும்புச் சேர்மமாகி, துருநிறக் கறையாக வெளிப்படும். நீலம் போட்ட இடத்தில் பழுப்பு நிறம் எப்படி வந்தது என்று தெரியாமல் திகைக்க வேண்டியதுதான். நீலத்துக்கு முன் ஒருமுறை கூடுதலாக அலச வேண்டும் என்ற கண்டிப்பு இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து பிறந்திருக்க வேண்டும். பழைய வீட்டுக் கண்டிப்புகள் பலவற்றின் பின்னால் இப்படி ஒரு வேதியியல் ஒளிந்திருக்கிறது. கண்டித்தவர்களுக்கு அதன் பெயர் மட்டுமே தெரியாது.

அடுத்து வெயில். ஈரத்துணி வெயிலில் காயும்போது நீர் மட்டும் வெளியேறுவதில்லை. ஒளியால் தூண்டப்பட்ட ஆக்சிசனேற்றமும் நடக்கிறது. குளோரினைக் கொண்டு வெளுக்கும் முறை 1780களில் கண்டறியப்பட்டு, ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் 1799இல் வெளுப்புத் தூளுக்குக் காப்புரிமை பெறும்வரை, புதிய லினன் துணிகளைப் புல்வெளியில் விரித்து, நனைத்து நனைத்து வெயிலில் போட்டு வெளுப்பதற்கு மாதக்கணக்கில் ஆனது. நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்தைச் சுற்றி இதற்கென்றே வெளுப்பு வயல்கள் இருந்தன. வெயிலின் மணம் என்று நாம் சொல்வதும் இந்த ஆக்சிசனேற்றத்தின் தடயம்தான். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஈரத்துண்டுகளை வீட்டுக்குள்ளும் நிழலிலும் வெயிலிலும் காயவைத்து ஒப்பிட்டு, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெயிலில் காய்ந்த துண்டுகளில்தான் பென்டனல், ஆக்டனல், நொனனல் முதலிய ஆல்டிஹைடுகள் கூடுதலாகத் தென்பட்டன. இவற்றில் சில வாசனைத் திரவியங்களிலும் சேர்க்கப்படுபவை. சொரசொரப்பின் காரணமும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் தெளிவானது. முழுக்கக் காய்ந்துவிட்டதாகத் தோன்றும் பருத்தியின் மேற்பரப்பில் பிணைப்பு நீர் ஒரு மெல்லிய படலமாகத் தங்கி, இழைகளைப் பசைபோல ஒன்றோடொன்று ஒட்டிவைக்கிறது என்று ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் காவோ நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு காட்டியது. காற்றில் படபடக்கும் துண்டு கொஞ்சம் மென்மையாக இருப்பதும், அசையாமல் தொங்கிய துண்டு பலகையாகிவிடுவதும் இதனால்தான்.

கஞ்சியை அழகுக்கானது என்று சொல்வது பாதி உண்மை. அரிசி, கோதுமை, சோளம், உருளைக்கிழங்கு என எதிலிருந்து எடுத்தாலும் மாவுப்பொருளின் மணிகள் சுமார் 60 பாகைக்கு மேல் நீரை உறிஞ்சி ஊதி வெடித்துக் கூழாகின்றன. அந்தக் கூழ் நூலிழைகளை மூடிப் படலமாகிறது. அணியும்போது அழுக்கும் வியர்வையும் முதலில் அந்தப் படலத்தில்தான் ஏறும். அடுத்த சலவையில் கஞ்சி கரையும்போது தன் மேல் ஏறிய அழுக்கையும் கூட்டிக்கொண்டு போய்விடும். எனவே கஞ்சி என்பது அடுத்த சலவைக்கு இந்தச் சலவையில் கொடுக்கப்பட்ட முன்பணம். ஆனால் இஸ்திரிப்பெட்டியின் சூட்டில் கஞ்சி இளகி அடித்தட்டில் ஒட்டிக்கொண்டு கருகும். அதைத் தடுக்கத் தேன்மெழுகையோ பாரஃபின் மெழுகையோ ஒரு துணியில் சுற்றி, சூடான அடித்தட்டில் ஓர் இழுப்பு இழுத்துத் துடைப்பார்கள். சூடான மாவும் மெழுகும் ஈரப் பருத்தியும் கலந்த மணத்தைத்தான் இஸ்திரி வாசம் என்று ஒரே பெயரில் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

இனி இஸ்திரிக்கு வருவோம். தமிழில் இந்த வேலைக்குத் தேய்ப்பது என்றும் பெயர் இருப்பது பொருத்தமானது, ஏனெனில் இது சூட்டிலிருந்து தொடங்கிய வேலை அல்ல, தேய்ப்பிலிருந்து தொடங்கியது. வடக்கு ஐரோப்பாவின் வைக்கிங் காலக் கல்லறைகளில் கைக்கு அடக்கமான கண்ணாடி உருண்டைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை லினன் துணியின் மேல் அழுத்தி வழவழப்பாக்கினார்கள். சீனாவில் தணல் நிரப்பிய உலோகச் சட்டியைத் துணியின் மேல் நகர்த்தும் முறை நெடுங்காலமாக இருந்தது.

சூடு ஏன் வேண்டும், ஈரம் ஏன் வேண்டும் என்பதற்கு விடை பருத்தியின் உள்ளமைப்பில் இருக்கிறது. பருத்தியும் லினனும் செல்லுலோஸ் சங்கிலிகளால் ஆனவை. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. நீர் உள்ளே புகுந்தால் அந்தப் பிணைப்புகள் அவிழ்ந்து, சங்கிலிகள் நழுவி, துணி எந்த நிலையில் காய்கிறதோ அந்த நிலையிலேயே மீண்டும் கட்டிக்கொள்கின்றன; துவைத்த துணி கசங்கியபடியே காய்வது இதனால்தான். உலர்ந்த செல்லுலோசைச் சூட்டினால் மட்டும் இளக்க வேண்டுமானால் கருகும் வெப்பநிலைக்குப் பக்கத்தில் போக வேண்டியிருக்கும். ஈரமிருந்தால் அந்த அபாயம் இல்லை. தண்ணீரைத் தெளித்து, துணியை இறுக்கிச் சுருட்டி, ஒரு மணி நேரமாவது மூடி வைப்பார்கள். தெளித்த துளிகள் துணி முழுவதும் சீராகப் பரவுவதற்கான காத்திருப்பு அது. அப்படிச் சுருட்டிய மூட்டையை இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழுந்துவிடும், அது பிறகு எதற்கும் போகாது. தெளித்துவிட்டால் தேய்த்தே ஆக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அதனால் வந்தது.

அடுப்பில் வைத்துச் சூடேற்றும் திட இரும்புப் பெட்டியின் வரம்பையும் கணக்காகவே பார்ப்பது நல்லது. மூன்று கிலோ எடையுள்ள ஒரு பெட்டி 200 பாகையிலிருந்து 120 பாகைக்கு ஆறும்போது சுமார் 108 கிலோஜூல் வெப்பத்தைத்தான் வெளியிடும். அந்த வெப்பத்தால் அதிகபட்சம் 42 கிராம் நீரை ஆவியாக்கலாம். 200 கிராம் எடையுள்ள ஒரு சட்டையில் கால் பங்கு ஈரம் இருந்தால் அதுவே 50 கிராம். ஒரு பெட்டியை முழுச் சூட்டோடு எடுத்துவந்தாலும் ஒரு சட்டையை முடிக்க முடியாது. அதனால்தான் எப்போதும் இரண்டு மூன்று பெட்டிகள் அடுப்பில் காத்திருந்தன. தேய்ப்பவர் அடுப்புக்கும் மேசைக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார், எந்தப் பருவமானாலும் அடுப்பு நாள் முழுக்க எரிந்துகொண்டே இருந்தது. இதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுவதுண்டு. அந்த வாசத்தைப் பற்றி உருகிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மேசைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த குழந்தைகள். பெட்டியைப் பிடித்தவர்களின் நினைவு வாசத்தில் அல்ல, மணிக்கட்டிலும் தோளிலும் தங்கியிருக்கும்.

இரும்புக் கைப்பிடியும் பெட்டியோடு சேர்ந்தே சூடேறியதால், தடித்த துணி இல்லாமல் அதைத் தொட முடியாது. அமெரிக்காவைச் சேர்ந்த மேரி புளோரன்ஸ் பாட்ஸ் என்ற இளம்பெண் 1871இல் காப்புரிமை பெற்ற கழற்றி மாட்டும் மரக் கைப்பிடி இதைத் தீர்த்தது: அடுப்பில் இரும்பு மட்டும் கிடக்கும், கைப்பிடி குளிர்ந்தே இருக்கும், ஒரே கைப்பிடி மூன்று பெட்டிகளுக்கும் பொருந்தும். கரிப்பெட்டி வேறு வழியில் போனது. அடுப்பையே பெட்டிக்குள் வைத்துவிட்டது. 300 கிராம் மரக்கரியில் சுமார் 9 மெகாஜூல் இருக்கிறது. அதில் கால் பங்கு மட்டும் துணியைச் சேர்ந்தாலும், திட இரும்பின் இருபது சூட்டுக்குச் சமம். நடை மிச்சமானது, பதிலுக்கு, பறக்கும் சாம்பலும் தெறிக்கும் பொறியும் புதிய கவலைகளாயின. வெளுத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்ட துணியில் கடைசி நிமிடத்தில் ஒரு பொறி விழுந்தால் முந்தின படிகள் அத்தனையும் வீண்.

சூட்டை அளக்கத் துளி நீரே கருவி. விரல்நுனியால் தெளித்த நீர் அடித்தட்டில் பரவிச் சீறினால் மிதமான சூடு; துளி உருண்டு குதித்து ஓடினால் கடும் சூடு. பின்னதை ஜெர்மானிய மருத்துவர் யோகான் கோட்லோப் லைடன்பிராஸ்ட் 1756இல் விவரித்தார். சுமார் 200 பாகைக்கு மேல் துளியின் அடியில் ஆவி மெத்தை ஒன்று உருவாகி, துளி உலோகத்தைத் தொடாமலே மிதக்கிறது. இன்று உடைகளின் பட்டியில் இஸ்திரிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110–120 பாகை, இரண்டு புள்ளியென்றால் 150–160, மூன்றென்றால் 200–210 என்று பொருள். கம்பளிக்குச் சீற வேண்டும், பருத்திக்கும் லினனுக்கும் குதிக்க வேண்டும் என்று பழகிய கை, ஏறத்தாழ இதே அளவுகோலைத்தான் வைத்திருந்தது.

மின்சாரப் பெட்டிக்கு நியூயார்க்கின் ஹென்றி சீலி 1882இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். அதைச் சொருக வீடுகளில் மின்சாரம் இல்லை என்பதுதான் சிக்கல். மின்சாரம் வந்த பிறகும் பல ஊர்களில் அது விளக்கெரிக்க இரவில் மட்டுமே ஓடியது. கலிபோர்னியாவின் ஒன்டாரியோவில் மின்நிலையத்தோடு தொடர்புடைய ஏர்ல் ரிச்சர்ட்சன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்பெட்டிகளைச் செய்து கொடுத்தபோது, அவற்றைப் பயன்படுத்துவதற்காகவே செவ்வாய்க்கிழமைகளில் பகலிலும் மின்னாக்கிகளை ஓட்டச் செய்தார். 1,000 வாட் பெட்டி ஒன்று, திட இரும்பு ஒரு சூட்டில் சுமந்துவந்த 108 கிலோஜூலை இரண்டு நிமிடத்துக்குள் துணிக்குக் கொடுத்துவிடும். 1920களில் தானே சூட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் நீராவிப் பெட்டியும் வந்தபின், நீர்த்துளியும் மூட்டையும் தேவையற்றுப் போயின.

ஆனால் பழைய சலவையை முடித்துவைத்தது மின்பெட்டி அல்ல, துணியும் சோப்பும் மாறியதுதான் என்பது என் கணிப்பு. மின்பெட்டி வந்த பிறகும் கஞ்சியும் நீலமும் பல பத்தாண்டுகள் நீடித்தன. 1941இல் இங்கிலாந்தின் ஜான் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் உருவாக்கிய பாலியஸ்டர் இழை நீரை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. அதனால் நீரில் இளகிக் கசங்குவதும் இல்லை. பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் ரூத் பெனரிட்டோவும் உடனிருந்தவர்களும் செல்லுலோஸ் சங்கிலிகளை வேதிப்பாலங்களால் நிரந்தரமாகக் கட்டி, தேய்க்கத் தேவையில்லாத பருத்திக்கு வழிசெய்தார்கள். 1946இல் சந்தைக்கு வந்த டைட் போன்ற செயற்கைச் சலவைத்தூள்கள் கடின நீரிலும் பிசின் விடாததால், மஞ்சளுக்கான மூலகாரணமே தளர்ந்தது. நீலத்தின் இடத்தை ஒளிர்பொருள்கள் பிடித்துக்கொண்டன. குதிரைச் செஸ்நட் மரப்பட்டையிலுள்ள எஸ்குலின் துணியைப் பிரகாசமாக்குவதை 1929இல் பால் கிரைஸ் கவனித்ததிலிருந்து தொடங்கிய இந்தப் பொருள்கள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றன. நீலம் ஒளியைக் கழித்துச் சமன் செய்தது. இவை ஒளியைக் கூட்டுகின்றன. இன்றைய வெள்ளைக்குப் பக்கத்தில் பழைய வெள்ளை மங்குவதன் காரணம் இதுதான்.

இப்படி ஒவ்வொரு குறையும் அதன் மூலத்திலேயே தீர்க்கப்பட்டபோது, அதைச் சரிசெய்ய வந்த படியும் போனது. படியோடு தடயமும் போயிருக்க வேண்டும். போகவில்லை. சலவைத்தூளின் வெள்ளைப் பொடிக்கு நடுவே நீல மணிகள் இன்னமும் தூவப்படுகின்றன. மொடமொடப்பு வேண்டுமென்பவர்களுக்குக் கஞ்சி, தெளிப்பானில் அடைத்து விற்கப்படுகிறது. மூடிய அறையில் உலர்த்தியால் காய்ந்து, வெயிலையே பார்க்காத துணிக்கு வெயிலின் மணம் தருவதாகச் சொல்லி, அதே ஆல்டிஹைடுகளை ஒத்த வாசனைகள் திரவத்தில் கலந்து வருகின்றன.